அலாய் வீலுக்கு பவுடர் கோட்டிங்: பூச வேண்டிய இடமும் பூசக் கூடாத இடமும்

எங்கள் காரின் நான்கு அலாய் வீல்களிலும் நடைபாதைக் கல்லில் உரசிய கீறல்கள் இருந்தன. மேலே இருந்த நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட் உரிந்த இடங்களில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, பெயிண்டுக்கு அடியிலேயே அரிப்பு நூல் நூலாகப் பரவத் தொடங்கியிருந்தது. கோவையில் மோட்டார் பம்ப் உதிரிகளுக்கும் இரும்புக் கதவுகளுக்கும் பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைத் தெளித்து, ஓவன் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) செய்து கொடுக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், புது வீல் வாங்குவதை விட்டுவிட்டு இருப்பதையே சீர்செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதலில் விசாரித்த பட்டறையில், பழைய பெயிண்டைச் சூளையில் போட்டு எரித்து எடுத்துவிடுவோம் என்றார்கள். இரும்புக் கதவைப் பொறுத்தவரை அது சரியான முறைதான், வீலுக்கு ஆகாது. பெரும்பாலான வார்ப்பு அலாய் வீல்கள் ஏ356 என்னும் அலுமினியம்–சிலிக்கான்–மக்னீசியக் கலவையால் ஆனவை. அவற்றை ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸில் சூடேற்றி, நீரில் தோய்த்து, பிறகு 150 முதல் 170 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்துப் பதமேற்றுகிறார்கள். வீலின் வலிமை அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. பவுடர் உருகிப் பிடிக்கத் தேவையான 180 முதல் 200 டிகிரிச் சூட்டைச் சிறிது நேரம் அது தாங்கும். எரித்தெடுக்கும் சூளையின் 400 டிகிரியை ஒட்டிய சூட்டில் பதம் இறங்கிவிடும். வெளிப்பார்வைக்கு வீல் அப்படியே இருக்கும் என்பதுதான் இதில் ஆபத்து. காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறவைக்கலாம் என்ற மாற்று யோசனையையும் நான் ஏற்கவில்லை. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைத்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

கணபதி பக்கம் உள்ள இன்னொரு பட்டறையின் உரிமையாளர், டயரையும் வால்வையும் பேலன்சிங் எடைகளையும் கழற்றி வெறும் வீலாகக் கொண்டுவந்தால்தான் பார்ப்பேன் என்றார். அந்தக் கண்டிப்பே எனக்கு நம்பிக்கை தந்தது. டயர் அழுத்த சென்சார் உள்ள வண்டியானால் அதையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். சிவப்புச் சாயம் தெளித்து விரிசல் பார்க்கும் சோதனையை, வெறும் உலோகம் தெரிந்த பிறகு, ஆரக்கால்களின் அடியிலும் உள்விளிம்பிலும் செய்யச் சொன்னேன். விரிசல் தெரிந்திருந்தால் அந்த வீலைப் பழைய இரும்புக் கடைக்குத்தான் கொடுத்திருப்பேன். விரிசலை வெல்டிங் வைத்து மூடி மேலே வண்ணம் பூசுவது, என் கணக்கில், வாங்குபவரை ஏமாற்றும் வேலை.

பழைய பூச்சை ரசாயன ரிமூவர் தடவி எடுத்தார்கள். இவ்வகை ரிமூவர்கள் பலவற்றில் டைகுளோரோமீத்தேன் இருக்கிறது. மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே பறிக்கக்கூடியது என்பதால், அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அதை விற்பதை 2019இல் தடை செய்தார்கள். இங்கே அந்த வேலை திறந்த வெளியில், தடித்த கையுறையோடு நடந்தது. அதற்குப் பிறகு பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகள்களை அடித்து உலோகத்தைச் சுத்தம் செய்வது. இரும்புத் துகளால் அடித்தால் அது அலுமினியத்தில் பதிந்து பின்னாளில் அரிப்புக்கு வித்திடும். மணலால் அடித்தால் அதன் தூசி அடிப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே கண்ணாடி மணிகளையே பயன்படுத்தச் சொன்னேன். ஆழமான கீறல்களைத் தேய்த்துச் சமப்படுத்தினார்கள். சாதாரண பாடி புட்டி ஓவன் சூட்டில் நிற்காது என்பதால், தேய்த்தும் மறையாத ஓரிரு வடுக்களை அப்படியே விட்டுவிட ஒப்புக்கொண்டேன்.

வெறும் வீலை ஒருமுறை ஓவனில் வைத்து எடுத்தபோது, பளிச்சென்று இருந்த உள்விளிம்பில் மிளகளவில் கறுப்புப் புள்ளிகள் கசிந்திருந்தன. வார்ப்பின் நுண்துளைகளில் தங்கியிருந்த எண்ணெய் அது. இந்த முன்சூட்டைத் தவிர்த்திருந்தால், அந்த எண்ணெயும் காற்றும் பவுடர் உருகும் நேரத்தில் வெளியேறிப் பூச்சில் ஊசித்துளைகளை உண்டாக்கியிருக்கும். துடைத்து, மறுபடியும் லேசாக பிளாஸ்டிங் செய்த பிறகே, பவுடர் படக் கூடாத இடங்களை மூடும் மாஸ்கிங் தொடங்கியது.

முழு வேலையிலும் அதிகப் பொறுமை கேட்டது மாஸ்கிங்தான். போல்ட் துளை ஒவ்வொன்றிலும் சிலிகான் அடைப்பான் செருகி, வண்டியின் ஹப்பில் (வீல் மாட்டப்படும் அச்சு முகப்பு) பொருந்தும் பின்முகத்தையும் நடுத்துளையையும் சூடு தாங்கும் பச்சை டேப்பால் மூடி, ஓரத்தைப் பிளேடால் வெட்டினார் அந்தத் தொழிலாளி. “நட்டு உட்கார்ற எடத்துல பவுடர் பட்டா, ஓட ஓட அது நசுங்கி நட்டு லூஸாயிடுங்க” என்றார். 60 முதல் 80 மைக்ரான் தடிமன் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே அந்தப் படலம் நசுங்கினால் போல்ட்டின் இறுக்கம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

பவுடர் தெளித்த வீலை ஓவனில் வைத்தார்கள். ஓவனின் காட்டி காட்டுவது உள்ளே இருக்கும் காற்றின் வெப்பம். வீலின் தடித்த நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால், உலோகத்தின் மீதே வெப்ப உணரியை வைத்து, அது 180 டிகிரியைத் தொட்ட பிறகு கால் மணி நேரம் கணக்கிட்டார்கள். ஆறிய பின், பூச்சு முழுதாக இறுகிவிட்டதா என்று பார்க்க, கரைப்பானில் நனைத்த துணியால் உள்பக்கம் அழுத்தித் தேய்த்துக் காட்டினார்கள். துணியில் நிறம் ஏறவில்லை, பளபளப்பும் மங்கவில்லை.

வீட்டிலேயே ஸ்ப்ரே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். எபாக்ஸி ப்ரைமர் என்னும் அடிப்பூச்சுக்கு மேல் கவனமாக அடித்தால் பெயிண்டும் நன்றாகவே உழைக்கும். ஓவன் சூடே தேவைப்படாதது அதன் பெரிய நன்மை. ஆனால் பெட்ரோலும் பிரேக் தூசியும் தாங்கும் டூ–கே (இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும்) கிளியர் கோட்டை இறுக வைக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் ரசாயனம் இருக்கிறது. அது ஆயுள் முழுக்க விடாத ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்று தரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. குழந்தைகள் விளையாடும் கார் ஷெட்டில் அந்த வேலைக்கு நான் தயாராக இல்லை.

டயரை ஏற்றும்போது புது வால்வு போட்டு, ஒட்டும் எடைகளால் பேலன்சிங் செய்யச் சொன்னேன்; அடித்து மாட்டும் எடை புதுப் பூச்சைக் கீறிவிடும். மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தோம். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிர் வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்கினோம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சோதித்தபோது எந்த நட்டும் இளகியிருக்கவில்லை. இப்போது வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது, வீலுக்கு அமிலம் கலந்த கிளீனர் வேண்டாம், ஷாம்பு போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.