காயலாங்கடைக்காரரைக் கடைசி நாளில் கூப்பிடுங்கள்

அப்பா அம்மா காலத்து வீட்டை ஒழிக்க உட்காருகிறவர்கள் முதலில் செய்வது, தெருவில் போகிற பழைய சாமான்காரரை உள்ளே அழைப்பதுதான். அடைந்து கிடக்கிறதே, கொஞ்சம் இடம் விட்டால் போதும் என்று தோன்றும். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எடை போட்டு அவர் தூக்கிப்போன பழைய நோட்டு மூட்டைக்குள் தாத்தா நிலவரி கட்டிய கிஸ்து ரசீதுக் கட்டு இருந்திருக்கும். இரும்பு விலைக்குப் போன சாக்குக்குள் செம்புத் தவலை கிடந்திருக்கும். நம் கடலூரில், திருப்பாப்புலியூரிலோ மஞ்சக்குப்பத்திலோ நாற்பது ஐம்பது வருஷம் ஒரே குடும்பம் புழங்கிய வீட்டுக்கு என் வரிசை இது: முதலில் காகிதம், பிறகு துணி, பிறகு பாத்திரம், அப்புறம் மரச்சாமான். எடைக்குப் போடுவது கடைசி நாள். இரண்டு பேர், தினம் 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 10 முதல் 12 நாள் ஆகும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க நினைத்தால் காகிதம் பார்க்கிற பொறுமை முதலில் போய்விடும்.

மாதம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பரணைத் திறக்கவே வேண்டாம். மாசி, பங்குனிதான் சரியான காலம். காலை 9 மணிக்கு மேல் பனி ஈரம் போயிருக்கும், மதியம் கடற்காற்று திரும்பியதும் காகிதம் மறுபடி நமுத்துவிடும். அதனால் காகிதம், ஆல்பம், பட்டு எல்லாம் 9 முதல் 12 வரை. மதியத்துக்குப் பாத்திரமும் இரும்பும். வெயிலில் பரப்பாதீர்கள், பழைய மை வெளுத்துவிடும். நிழலும் மெதுவாகச் சுற்றும் ஃபேனும் போதும்.

கையோடு இருக்க வேண்டியவை: என்-95 மாஸ்க், தடித்த கையுறை, டார்ச், 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம், மார்க்கர், 20 காலி சாக்கு, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி 4. பரணில் கை விடும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். பழைய துணி மூட்டைக்கு அடியில் தேளும் பூரானும் இருக்கும். கொல்லைப்புற ஓட்டுக் குவியல் என்றால் பாம்புக்கும் சேர்த்து எச்சரிக்கை.

இனி காகிதம். அது எங்கெல்லாம் இருக்கும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பீரோ லாக்கரில் மட்டும் தேடாதீர்கள். ட்ரங்குப் பெட்டியின் அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே, சாமி படங்களின் பின் அட்டைக்குள், பழைய பஞ்சாங்கங்களின் நடுவில், பீரோ டிராயரை முழுக்க உருவினால் தெரியும் பின்பக்க இடுக்கில், மெத்தைக்கு அடியில் என்று எல்லா இடத்திலும் இருக்கும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் போதாது, நமுத்த தாள் ஒட்டிக்கொண்டு விழாது. விரலால் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

மூன்று பெட்டி வையுங்கள். முதல் பெட்டியில் சொத்து: கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரம், உயில், அவற்றுக்கெல்லாம் முந்தைய மூலப்பத்திரங்கள். சொத்து கை மாறிய சங்கிலியில் ஒரு கண்ணி காணாமல் போனாலும் விற்கும்போதோ கடன் வாங்கும்போதோ போலீஸில் புகார், பத்திரிகையில் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, சான்றிட்ட நகல் என்று அலைய வேண்டும். நிலம் இருந்தால் பழைய பட்டா, கிஸ்து ரசீது எதையும் எறியாதீர்கள். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பதிவில் பெயரும் பரப்பளவும் புல எண்ணும் தவறிப்போன இடங்கள் ஏராளம். அதைத் திருத்தப் போனால் யூ.டி.ஆருக்கு முந்தைய காகிதம்தான் கை கொடுக்கும். வருஷா வருஷம் கட்டிய ரசீதுகள் அனுபவ பாத்தியத்தைக் காட்டும், ஒற்றை ரசீதைவிட வரிசையாக இருப்பதற்குத்தான் பலம்.

இரண்டாவது பெட்டி பணம். பாஸ்புத்தகம், டெபாசிட் ரசீது, எல்.ஐ.சி. பாலிசி, பங்குச் சான்றிதழ், அஞ்சலகச் சேமிப்புப் பத்திரம். வங்கியின் பெயரே இப்போது இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள். லட்சுமி விலாஸ் வங்கி 2020-ல் டி.பி.எஸ்.ஸோடும், சிண்டிகேட் வங்கி அதே ஆண்டில் கனராவோடும் சேர்ந்தன, கணக்கு அங்கே இருக்கும். 10 ஆண்டு யாரும் கேட்காத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசுகள் அந்த வங்கியின் வழியாகவே கேட்டு வாங்கலாம். தேடுவதற்கு ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளம் இருக்கிறது. பங்குக்கு 7 ஆண்டு கணக்கு: தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காவிட்டால் பங்கே முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாறிவிடும், அதையும் மீட்கலாம். அரிசிப் பானையிலோ புடவை மடிப்பிலோ பழைய 500, 1000 ரூபாய் நோட்டு அகப்பட்டால் அது செல்லாது. 2017 சட்டப்படி 10 நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே குற்றம்.

மூன்றாவது, குடும்பம்: ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், இறப்புச் சான்று, கடிதம், போட்டோ. புதுச்சேரியில் சம்பந்தம் வைத்த குடும்பங்களில் பிரெஞ்சு மொழியில் ஏதாவது ஒரு தாள் வந்தே தீரும். புரியவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது பிறப்புப் பதிவாக இருக்கலாம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகப் போன பெரியப்பாவின் பென்ஷன் காகிதமாக இருக்கலாம், வீட்டுப் பத்திரமாகவும் இருக்கலாம். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்ததும் 6 மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகளுக்கு அந்தத் தாள்களின் மதிப்பு இன்றும் குறையவில்லை. ஓலைச்சுவடி கிடைத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஒட்டிய ஏடுகளைப் பிரிக்காதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். வெள்ளைத் துணியில் சுற்றி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் காட்டிக் கேளுங்கள். 1955-ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின.

நம் ஊர்க் காகிதத்துக்கு முதல் எதிரி குண்டூசியும் ஜெம் கிளிப்பும். உப்புக்காற்றில் அவை துருப்பிடித்து, துரு காகிதத்தைச் சுற்றி அரித்து ஓட்டையாக்கிவிடும். பிடித்து இழுத்தால் அந்த இடம் அப்படியே பிய்ந்து வரும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து ஒரு விரல் அகலப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கம்பிக்கும் காகிதத்துக்கும் நடுவே செருகி, கம்பியை மழுங்கிய கத்தி முனையால் மேல்நோக்கி நெம்புங்கள். அழுத்தம் ஃபிலிமின் மேல் விழும், தாள் தப்பிக்கும். உருகி ஒட்டிய ரப்பர் பேண்டையும் இப்படியே சுரண்டி எடுக்கலாம். அடுத்த எதிரி லேமினேஷன். மூலப்பத்திரத்தை லேமினேட் செய்து வைப்பது பாதுகாப்பு என்று இன்னமும் நினைக்கிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, பின்பக்கம் யாரும் எழுதவோ முத்திரை வைக்கவோ முடியாது. பத்திரத்துக்கு ஒட்டாத கவரே நல்லது. பொதிந்து வைக்கிற துணியில் கஞ்சி இருக்கக் கூடாது, ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் தீனி. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்த பிறகு போடுங்கள். பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே பூஞ்சணத்தை வரவழைக்கும்.

தரையோடு இருந்த பெட்டிகளைத் தனியாகப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 ஃபெஞ்சலுக்குப் பிறகு பெண்ணையாற்று வெள்ளம் என்று இரண்டு தடவை நனைந்து காய்ந்த காகிதம் பாளம் பாளமாக ஒட்டியிருக்கும். அவசரமாகப் பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்போதுதான் நனைந்தது, பார்க்க நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம், பூஞ்சணம் அப்படியே நிற்கும். கண்ணாடியோடு ஒட்டிப்போன கல்யாண போட்டோவை உரிக்க முயல வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

துணியில் நேரம் செலவழிக்க வேண்டியது பட்டில் மட்டும்தான். பழைய பட்டு வாங்குகிறவர்கள் பார்ப்பது ஜரிகை. ஓரத்தில் ஒரு இழையைப் பிரித்துப் பாருங்கள். நல்ல ஜரிகையில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றி, தங்க முலாம் பூசியிருக்கும். உள் நூல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பளபளத்தால் பெரும்பாலும் சாதா ஜரிகை. மடிப்பிலேயே கிழிந்து வருகிற புடவையில் பட்டு இற்றுப்போயிருக்கிறது, மறுபடி கட்ட முடியாது. இலவம் பஞ்சு மெத்தை காய்ந்து இருந்தால் பிரித்து அடித்துத் தைக்கலாம். வெள்ளத்தில் ஊறியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

பாத்திரத்தைப் பிரிக்கக் காந்தமும் காதும் போதும். காந்தம் ஒட்டினால் இரும்பு, மேலே முலாம் எதுவாக இருந்தாலும் சரி. விரலால் சுண்டினால் வெண்கலம் நீளமாக ரீங்கரிக்கும், பித்தளை சட்டென்று அடங்கும். அடுப்பில் வைத்து வைத்துக் கறுத்திருந்தால் புளி தேய்த்துப் பாருங்கள், சிவந்தால் செம்பு. தனித்தனிச் சாக்கில் கட்டுங்கள். கலந்து கொடுத்தால் மொத்தத்துக்கும் மலிவான உலோகத்தின் விலைதான் கிடைக்கும். இரும்பு வளையம் போட்ட பித்தளை அண்டா என்றால் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று கழிக்கிற எடை வளையத்தின் எடையைவிட அதிகமாகவே இருக்கும்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்குத்தான் அதிகம் கவனம் வேண்டும். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயம். அதன் விலை செம்பைவிடக் கூட. கார் ஈயமோ மிகவும் மலிவு, அதில் சமைத்தால் விஷம். எடைக் கடையில் இரண்டையும் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லில் அடித்துவிடுவார்கள். வெள்ளைத் தாளில் உரசிப் பாருங்கள், கார் ஈயம் பென்சில் மாதிரி கறுப்புக் கோடு போடும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் சமையலறைத் தராசு. சொம்பைத் தனியாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், 730 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முக்குங்கள். உள்ளே காற்றுக்குமிழ் நிற்கக் கூடாது. தராசு 100 கிராம் சுற்றிக் காட்டினால் வெள்ளீயம், 65 சுற்றிக் காட்டினால் கார் ஈயம், நடுவே நின்றால் கலப்படம். சொம்பின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் வெள்ளீயத்துக்கு 7.3 வரும், கார் ஈயத்துக்கு 11.3. கலப்படச் சொம்பை யாருக்கும் சமையலுக்கென்று கொடுக்காதீர்கள். நல்ல சொம்பை வைத்துக்கொள்கிறவர்கள் வெறுமனே அடுப்பில் ஏற்ற வேண்டாம், 232 டிகிரியில் உருகிவிடும்.

எவர்சில்வருக்கு விலை வராது. ஆனால் அதில் வெட்டிய பெயரையும் தேதியையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். யார் கல்யாணத்துக்கு யார் செய்த சீர் என்பது வேறெங்கும் எழுதியிருக்காது. அந்த எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டால் பாத்திரத்தைக் கொடுக்க மனசு வரும்.

மரச்சாமானைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான். அடியில் மாவு மாதிரி பொடி கொட்டியிருந்தால் வண்டு, அதை நல்ல மரத்தின் பக்கம் வைக்கவே கூடாது. அம்மி, ஆட்டுக்கல்லைத் தூக்காதீர்கள். ஒரு பக்கம் சாய்த்து, நனைத்த சாக்கின் மேல் உருட்டி இழுங்கள்.

எடைக்கும் குப்பைக்கும் போகக் கூடாதவையும் இருக்கின்றன. மூட்டைப்பூச்சிக்கும் நெல்லுக்கும் போட்ட பி.எச்.சி. பொடி டப்பா பல வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது, 1997-லேயே தடை செய்த மருந்து. அதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், எரிக்காதீர்கள். டப்பாவோடு மூடியுள்ள வாளியில் போட்டு, மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியாக ஒப்படையுங்கள். பாதரச தெர்மாமீட்டர், டியூப் லைட், பேட்டரிக்கும் இதே வழி. பழைய டப்பா டிவியின் பின்மூடியைச் செம்புக் கம்பிக்காகத் திறக்க வேண்டாம். பிக்சர் டியூப் உடைந்தால் கண்ணாடி தெறிக்கும், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்குங்கள். இவற்றில் எதையும் போகியன்று கொளுத்தலாம் என்று எடுத்து வைக்காதீர்கள்.

இப்போது குட்டியானை வண்டியோடு காயலாங்கடைக்காரர் வரட்டும். ஒவ்வொரு சாக்கின் எடையையும் உங்கள் தராசில் முன்பே போட்டு, மார்க்கரால் சாக்கின் மேலேயே எழுதி வையுங்கள். செம்புக்கு, பித்தளைக்கு, அலுமினியத்துக்கு, இரும்புக்கு என்று தனித்தனியே கிலோ விலை கேளுங்கள், மொத்தமாக ஒரு தொகை பேசாதீர்கள். விலை இரண்டு கடையில் விசாரித்த பிறகு ஏற்றட்டும்.

மிஞ்சிய காகிதங்களுக்குத் துருப்பிடிக்கும் ட்ரங்கு வேண்டாம், பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. மூடியின் உள்பக்கம் என்னென்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள், தேதியோடு. சுவரில் கடைசி வெள்ளம் விட்ட கறை எங்கே நிற்கிறதோ, அதற்கு ஒரு அடி மேலே பெட்டியின் அடி இருக்கட்டும்.