அர்த்தம் சொல்லும் நேரம்

இன்று ஏற்காட்டில் ஆராதனை. காப்பிப் பழம் பறிக்கும் காலம், பாதிப் பேர் அசதியோடுதான் வந்திருந்தார்கள். ஆயர் வேதாகமத்தில் நெகேமியா 8-ம் அதிகாரத்தை எடுத்தார். எஸ்றா மரப் பீடத்தில் நின்று வேதம் வாசிக்கிறார், ஆலயப் பணி செய்யும் லேவியர் அர்த்தம் சொல்லி விளங்க வைக்கிறார்கள், கேட்ட ஜனங்கள் அழுகிறார்கள். பிரசங்கம் என்பதே அதுதானே! பாட்டிலும் ஜெபத்திலும் நாம் பேசுகிறோம். இங்கே கர்த்தர் பேசக் கேட்கிறோம். 1963-ல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் மறையுரை, அதாவது பிரசங்கம், வழிபாட்டின் ஒரு பகுதி என்றே சொன்னது. பிரசங்க நேரத்தில் எழுந்து வெளியே போகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

பக்கத்தில் இருந்த அம்மா, பழக்கறை போகாத விரலை வசனத்தின் அடியில் வைத்தவர், ஆமென் சொல்லும் வரை எடுக்கவே இல்லை.