.50 காலிபர் பிஸ்டலும் என் இடது சுண்டுவிரலும்

3 மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி), 21 தோட்டாக்கள், ஒன்றுகூடச் சிக்கவில்லை. டெசர்ட் ஈகிள் .50 ஏஇ (ஆக்‌ஷன் எக்ஸ்பிரஸ் என்ற அரை அங்குலத் தோட்டாவைச் சுடும் பெரிய பிஸ்டல்) என் கைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு நாள் அமைந்ததே இல்லை என்பதால்தான், குறி பார்த்துச் சுடும் வேலை பாதிகூடத் தேறாத நிலையிலும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கடந்த நான்கு மாதங்களாக ஏறக்குறைய ஒவ்வொரு மேகசினிலும், மூன்றாவது தோட்டாவிலோ நான்காவதிலோ, ஸ்லைடு (சுடும்போது பின்னும் முன்னும் ஓடும் மேற்பகுதி) முழுதாக மூடாமல் பாதியில் நின்றுவிடும். உள்ளே பார்த்தால் தோட்டா மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் வாயிலில் முட்டி நிற்கும். வெளியே எடுத்தால் குண்டின் செப்பு மூக்கில் நகம் பதிந்ததுபோல் ஒரு பிறைத் தழும்பு இருக்கும். முட்டிய வேகத்தில் குண்டு உறைக்குள் சற்றே பின்வாங்கியிருந்தாலும் அடுத்த முறை சுடும்போது அழுத்தம் எகிறும் என்பதால், அப்படிப்பட்டவற்றை மறுபடி ஏற்றாமல் ஒரு டப்பாவில் போட்டுவந்தேன். அந்த டப்பா நிறைந்தே போயிற்று.

இது மற்ற பிஸ்டல்களைப்போல் உதைப்பை மட்டும் நம்பி இயங்குவதன்று. அறைக்குச் சற்று முன்னால் குழலில் உள்ள சிறு துளை வழியாக வெடிப்பு வாயுவில் ஒரு பங்கு பிரிந்து, குழலின் அடியில் ஓடும் கால்வாயில் முன்னோக்கிச் சென்று, வாய்ப்பகுதிக்கு அருகிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது; அந்தத் தள்ளலில்தான் ஸ்லைடு பின்வாங்கி, ரைஃபிளில் இருப்பதுபோன்ற சுழல் போல்ட்டின் (அறையின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) பூட்டுத் திறக்கிறது. ஆகவே ஜாம் என்றவுடன் என் சந்தேகம் முதலில் வாயுத் துளையின் மேல்தான் விழுந்தது. ஈயக்குண்டுகளை நான் தொட்டதே இல்லை. அவற்றின் சுரண்டல் போய்த் துளையை அடைத்துவிடும் என்பதை இத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிவர். இருந்தாலும், எனக்குத் தோட்டா அனுப்பும் ஒருவர் ஒரு முறை உறையிடாத ஈயக்குண்டுத் தோட்டாக்களைக் கேளாமலே மாற்றி அனுப்பிவிட்டு, ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சாதித்தார். திருப்பி அனுப்பினேன், அந்தச் செலவும் என் தலையிலேயே விழுந்தது. இப்போது அவரிடம் வாங்குவதில்லை.

பிஸ்டன் முனையிலிருந்த கரியைச் சுரண்டினேன். இரட்டைச் சுருள்வில்லைப் புதிதாக மாற்றினேன். மேகசினின் உதடுகளை, அதாவது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல்விளிம்புகளை, வெர்னியர் காலிபரால் அளந்து பார்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிப்பதால் ஸ்லைடு முழுத் தூரம் ஓடவில்லையோ என்ற ஐயம் மட்டும் எஞ்சியது. அதைத் தீர்க்க மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை இட்டு, அறைக்குள் ஏற்றிச் சுட்டேன். ஸ்லைடு கடைசிவரை பின்வாங்கித் திறந்தபடியே பூட்டிக்கொண்டது. இப்படிப் பத்து முறை செய்தேன். பத்து முறையும் பூட்டிக்கொண்டது. வாயுவும் வில்லும் மணிக்கட்டும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்கின்றன என்பதும், அடுத்த தோட்டா மேலேறும் கணத்தில்தான் ஏதோ தடுக்கிறது என்பதும் அப்போது விளங்கின.

இந்தத் துப்பாக்கியின் மேகசின் இறுக்கமாக உட்கார்வதில்லை; தாழ்ப்பாளில் தொங்கியபடி மேலும் கீழும் சிறிது ஆடும். அப்படி ஆடத்தான் வேண்டும். அடியிலிருந்து அதை மேலே தள்ளினால் தோட்டா ஏறும் உயரம் மாறி, ஜாம் ஆகிவிடும். கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை உண்டு, நானும் படித்திருந்தேன். இடது உள்ளங்கையைத் தட்டுப்போல் அடியில் ஏந்திப் பிடிப்பவர்களுக்குச் சொன்னது என்று எண்ணி, நான் அப்படிப் பிடிப்பதில்லையே என்ற மிதப்பில் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

மேகசினின் அடித்தகட்டில் நீலச் சுண்ணக்கட்டியை அழுந்தத் தேய்த்துவிட்டு, ஏழு தோட்டாக்களை ஏற்றிச் சுட்டேன். நான்காவதில் சிக்கியது. துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு இடது கையைத் திருப்பிப் பார்த்தபோது, உள்ளங்கை சுத்தமாக இருந்தது. சுண்டுவிரலின் உட்பக்கத்தில், நடுக்கணுவிலிருந்து நுனிவரை, நீலக் கோடு இழுத்தாற்போல் படிந்திருந்தது. முதல் தோட்டாவின்போது விரல் உரிய இடத்தில்தான் இருக்கிறது. 2 கிலோ எடையுள்ள துப்பாக்கி, 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) குண்டை வினாடிக்கு 450 மீட்டர் அளவிலான வேகத்தில் தள்ளிவிட்டுத் துள்ளும்போது பிடி சிறிது நெகிழ்கிறது. மீண்டும் இறுக்குகையில் சுண்டுவிரல் ஒரு நூல் கீழே இறங்குகிறது. மூன்று முறை இறங்கிவிட்டால் தகட்டின் அடியில் புகுந்து மேலே நெம்பத் தொடங்கிவிடுகிறது. நான்கு மாதத் தொல்லைக்கு இவ்வளவுதான் காரணம்.

அறிந்தபின்னும் விரல் கேட்கவில்லை. இறுகப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் அது தானாகவே இறங்கியது. கடைசியில், பிடியின் முன்பக்கத்தில் அடிவிளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் சொரசொரப்பான ஒட்டுநாடாத் துண்டு ஒன்றைக் குறுக்காக ஒட்டினேன். இடது சுண்டுவிரல் வலது சுண்டுவிரலின் மேலேயே படிய வேண்டும். நாடா உறுத்தினால் கீழே போய்விட்டது என்று பொருள். உறுத்தியதும் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுப் பிடியைத் திருத்திக்கொள்கிறேன். பார்க்க அழகாக இல்லை. பளபளக்கும் எஃகில் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கிறது என்று உடன் சுட வருபவர் ஒருவர் சிரித்தார். அன்று அவருடைய துப்பாக்கி இரண்டு முறை சிக்கியது.

அடுத்ததாக .44 மேக்னம் என்ற சற்றுச் சிறிய தோட்டாவுக்கான குழல் ஒன்றை வாங்கும் எண்ணம் உண்டு. 1988-இல் வந்த .50 ஏஇ தோட்டாவின் அடிவிளிம்பை .44 மேக்னத்தின் அதே அளவுக்குக் குறுக்கி வைத்திருப்பதால் போல்ட்டை மாற்ற வேண்டியதில்லை. குழலும் மேகசினும் போதும், குழலைப் பூட்டும் நெம்புகோலைத் திருப்பினால் ஒரு நிமிட வேலை. மேகசினில் ஒரு தோட்டா கூடுதலாகக் கொள்ளும், உதைப்பும் சற்று இளகும். ஆனால் உள்ளதைக் கொண்டு நேராகச் சுடக் கற்றபின்தான் அது என்று எனக்கு நானே தடை போட்டிருக்கிறேன்.

ஏனெனில், இன்றைய 21 துளைகளில் 9 மட்டுமே 15 மீட்டரில் இருந்த கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. மற்றவை பெரும்பாலும் கீழே, இடப்பக்கமாக. வெடிக்கப் போகிறது என்று கை முன்கூட்டியே அறிந்து தாழ்கிறது. சூடான காலி உறை இரண்டு முறை நெற்றியில் வந்து அறைந்ததும் இதற்கு உதவவில்லை. அடுத்த முறை டம்மி தோட்டாக்களை (வெடிக்காத போலித் தோட்டாக்களை) இடையிடையே கலந்து மேகசினை ஏற்றித் தரும்படி அந்தச் சிரித்த மனிதரையே கேட்டிருக்கிறேன்.