காரைக்குடிப் பக்கம் கணித பிஎச்.டி.க்கு ஆள் சேர்த்த அனுபவம்

எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர்களுக்குக் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஆனால் அறிவிப்பு போட்டுவிட்டுக் காத்திருந்தால், பி.எட்.டுக்குப் போனவர்கள் போக மிச்சம்தான் வரும். ஆகவே முதலாமாண்டு எம்.எஸ்சி.யிலேயே பிஎச்.டி. பற்றிய பேச்சைத் தொடங்குகிறோம்.

முதலில் நெட், அதாவது தேசியத் தகுதித் தேர்வு (கணிதத்துக்கு சிஎஸ்ஐஆர் நெட்). 2024 ஜூன் முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவருக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டுமான தகுதி உண்டு. நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். இது தெரியாமலே பலர் கோட்டை விடுகிறார்கள். தேர்வில் காலை வாருவது சி பகுதி: 60 கேள்வியில் 20 எழுதினால் போதும், ஒன்றுக்கு 4.75. மைனஸ் கிடையாது, ஆனால் சரியான விடைகள் அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். அரைகுறையாக நாற்பது பாடம் படித்தவரைவிட, நேரியல் இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் ஊறப் படித்தவரே தேறுகிறார்.

நேர்காணலில் வரையறை ஒப்பிக்கச் சொல்வதில்லை. சாக்பீஸைக் கொடுத்து, "[0, 1]-இல் தொடர்ச்சியான சார்பு சீரான தொடர்ச்சி உடையது. (0, 1)-இல் ஏன் அப்படி இல்லை?" என்போம். 1-ஐ மாறியால் வகுத்து, பூச்சியத்தை நெருங்கும்போது என்ன ஆகிறது என்று வரைந்து காட்டுபவர் போதும். தடுமாறினாலும் பரவாயில்லை, ஒரு குறிப்பு கொடுத்ததும் அதைப் பிடித்து நகர்கிறாரா என்பதுதான் கணக்கு.

அடுத்தது பணம், பாதியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நிற்பது இங்கேதான். ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000, இரண்டாண்டுக்குப் பின் 42,000. ஆனால் சேர்ந்த கையோடு வராது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உதவித்தொகை என்றால் அலுவலகத்தில் மேக்கர் (விவரம் பதிபவர்) பதிவிட்டு, செக்கர் (சரிபார்ப்பவர்) ஒப்புதல் தந்து, மாதாமாதம் உறுதிசெய்ய வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் தள்ளிப்போகும். ஆகவே சில மாத விடுதிக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேரச் சொல்கிறோம். உதவித்தொகையே இல்லாதவரிடம், பணம் வராது என்பதைச் சேருமுன் வீட்டாரையும் வைத்துச் சொல்லிவிடுவதே முறை.

வழிகாட்டியிடம் இடம் இருக்கிறதா என்பதையும் முன்பே கேளுங்கள்: உதவிப் பேராசிரியருக்கு 4, இணைப் பேராசிரியருக்கு 6, பேராசிரியருக்கு 8 பேர்தான்.

கட்டுரை வெளியிடுவதை யுஜிசி 2022-இல் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டது. பல்கலைக்கழக விதி வேறாக இருக்கலாம். கட்டுரை கேட்கும் இடங்களில், அதை வெளியிடும் அவசரத்தில் காசு வாங்கிப் பத்து நாளில் அச்சிடும் பத்திரிகைகளில் மாணவர் விழுகிறார். மேத்சைநெட்டில் (அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளம்) பெயர் இல்லாத பத்திரிகை என்றால் நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. நூல் தேவைக்கு அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் சென்னை. தரமணி கணித அறிவியல் நிறுவன நூலகத்துக்குத் துறைத்தலைவர் கடிதத்தோடு போகட்டும்.