ஓல்னியில் பாதியில் விட்ட பதில்

இங்கிலாந்தில் இருக்கும் ஓல்னி என்ற சிற்றூருக்கு நான் கைடாகக் கூட்டிப்போகிற குழு, 'அமேசிங் கிரேஸ்' என்ற கிறிஸ்தவப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டனின் கல்லறை முன்னால் வந்து நின்றதும், 1748-க்குப் பிறகு நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்ற குழப்பம் எனக்கு இப்போதெல்லாம் வந்துவிடுகிறது. லண்டனிலிருந்து வந்த அந்தத் தமிழ்ச் சபையாருக்கு முன்புவரை இது இல்லை.

பஸ்ஸிலேயே ஒரு பெரியவர் மைக்கை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவிட்டார். அடிமைக் கப்பல்காரன், நடுக்கடலில் புயல், ஆண்டவரிடம் கதறல், மனம் திரும்பி எழுதிய பாட்டுதான் 'அமேசிங் கிரேஸ்'. நன்றாகத்தான் சொன்னார். வருஷங்களைப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல். புயல் 1748-இல். கேப்டன் ஆனது அதற்குப் பிறகு. 1750-க்கும் 1754-க்கும் நடுவில் மூன்று பயணங்கள், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றிக்கொண்டு. கடலை விட்டதுகூட உடம்புக்கு முடியாமல் போனதால்தான். ஓல்னிக்கு உதவிக் குருவாக வந்தது 1764-இல். பாட்டு, 1773 புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக எழுதியது. அடிமை வியாபாரத்தை எதிர்த்து அவர் புத்தகம் போட்டது 1788-இல், ஓல்னியை விட்டு லண்டன் போய் எட்டு வருஷம் கழித்து.

கல்லறை வாசகத்தை நியூட்டனே எழுதி வைத்திருந்தார். ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாக இருந்தவன் என்று அதில் வருகிறது. இளவயதில் ஒரு வியாபாரியிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாடு அது. அடிமைகளை விற்றவன் என்று கல்லில் எங்கும் இல்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "புயலுக்குப் பிறகு அந்த வேலையை விட்டிட்டாரா?"

"அதுக்கு அப்புறம்தான் தம்பி அவர் கேப்டனா..." என்று ஆரம்பித்தேன்.

பெரியவர் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "தம்பி, உதை இப்ப சொல்ல வேண்டாம். பிள்ளையள் நிக்கினம்" என்றார்.

"சரிங்கய்யா" என்றேன். பையனிடம், "அப்புறம் விட்டுட்டார்" என்று முடித்தேன். பொய்யில்லை. ஆறு வருஷம் கழித்து விட்டார்தானே.

அவர்கள் பாடினார்கள். இன்று எல்லோருக்கும் தெரிந்த அந்த ராகம் 1835-இல் அமெரிக்காவில் வந்து சேர்ந்தது. முதலில் பாட்டைக் கேட்டவர்கள் லேஸ் பின்னிக் கஞ்சிக்கு அல்லாடிய ஓல்னி ஏழைகள். அவர்கள் இந்த ராகத்தைக் கேட்டதே கிடையாது. அதையும் நான் சொல்லவில்லை. அதற்கு யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை.

நான் கைடு, வரலாற்று வாத்தியார் இல்லை. வந்தவர்கள் காசு கொடுத்து வழிபடத்தான் வந்தார்கள், விசாரிக்க இல்லை. இப்படியெல்லாம் சொல்லிக்கொள்கிறேன், அந்தச் சமாதானம் நிற்கமாட்டேன் என்கிறது. கேட்டது பெரியவர் இல்லையே, அந்தப் பையன் அல்லவா?

அதே நாள் மார்க்கெட் சதுக்கத்தில் பான்கேக் ஓட்டத்தின் கதையை நடித்தே காட்டினேன். 1445-இல் ஒரு பெண் மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கோயில் மணி அடித்துவிட, சட்டியோடும் ஏப்ரனோடும் ஓடினாளாம். இன்றும் தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயன்று, ஊரில் குறைந்தது மூன்று மாதம் குடியிருக்கும் பெண்கள் சதுக்கத்திலிருந்து கோயில்வரை 415 கெஜம் ஓடுகிறார்கள். போரில் நின்றுபோனதை 1948-இல் ஊர்க் குரு பழைய புகைப்படங்களைப் பார்த்து மறுபடி தொடங்கிவைத்தார். அந்த 1445-க்கு என்ன ஆதாரம் என்று நான் ஒருநாளும் எந்தக் குழுவிடமும் இழுத்ததில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள், ஊருக்கும் அது வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க நியூட்டன் விஷயத்தில் மட்டும் எனக்கு எங்கிருந்து வந்தது இந்த நேர்மை? ஆனால் அப்பத்துக்கும் கப்பலுக்கும் ஒரே தராசா என்றும் தோன்றுகிறது. பான்கேக் கதையில் யாரையும் சங்கிலியில் கட்டவில்லை.

பஸ்ஸுக்குத் திரும்பும்போது பெரியவர் என்னோடு நடந்தார். "எனக்கும் தெரியும் தம்பி. வளந்தாப் பிறகு தாங்களே வாசிப்பினம். எங்கட எத்தினை செத்தவீட்டில இதைப் பாடியிருக்கிறம். எழுதினவன் ஆரெண்டு அப்ப ஆர் கேட்டது?"

அவருக்குத் தெரியாது என்று நினைத்தவரை எனக்கு ஓரளவு நிம்மதி இருந்தது. தெரிந்தே தடுத்திருக்கிறார். எந்தச் சாவுகள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அவர் பக்கம் முழுசாகச் சாய்ந்திருப்பேன்.

அடுத்த குழுவுக்கான குறிப்பில் மூன்று பயணங்களையும் சேர்த்துவிட்டேன். கல்லறையில் இல்லை, திரும்பும் வழியில், சாப்பாட்டுக்கு அப்புறம். அந்த நேரத்தில் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.