'சாத்தியம்' என்ற ஒரு சொல்

அக்காவின் குழந்தை பதினோரு நாள்தான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டால் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். கடுகளவு நகம். கடைசி நாள் காலையில் விரலை வைத்தேன், பிடிக்கவில்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. அதை விட மனமில்லாமல்தான் இந்த ஒரு வருஷமாக வாதங்களாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். அதில் மனதுக்கு நெருக்கமானது, அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் எழுதியது. கடவுள் எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், முழுக்க நல்லவர். அதோடு, இல்லாமல் போகவே முடியாதவர். அப்படி ஒருவர் இருப்பது சாத்தியம் என்று ஒப்புக்கொண்டால் போதும். உலகம் என்று இங்கே சொல்வது, எல்லாம் எப்படியெல்லாம் இருந்திருக்கலாமோ அதில் ஒரு விதத்தை. ஓர் உலகத்தில் இருக்க முடியும் என்றால் எல்லா உலகத்திலும் இருந்தே தீருவார், நம்முடையதிலும். அப்புறம் எந்தத் துன்பத்துக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். இதைப் படித்த ராத்திரிதான் பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் இதை அப்படியே திருப்பிப் போடலாம். எந்தக் காரணமும் இல்லாத துன்பம், ஒரே ஓர் உயிருக்கு, ஏதோ ஓர் உலகத்தில் வருவது சாத்தியம் என்று வையுங்கள். அந்த உலகத்தில் கடவுள் இல்லை. ஓர் உலகத்தில் இல்லையென்றால் அவர் இருந்தே தீர வேண்டியவர் இல்லை. ஆகவே எங்குமே இல்லை. காட்டுத்தீயில் வெந்து, நாள்கணக்கில் துடித்துச் சாகும் மான்குட்டியை 1979இல் கடவுளை மறுத்த தத்துவவாதி வில்லியம் ரோ உதாரணம் காட்டினார். அது நம் உலகத்தில் வீணாகத்தான் துடிக்கிறது என்று நம்ப அவர் நியாயம் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே அந்தச் சிரமம்கூட வேண்டாம், அப்படி வீணாகத் துடிப்பது சாத்தியம் என்றாலே போதும். கடவுளை அவ்வளவு உயரத்தில் வைத்ததாலேயே மறுப்பவரின் வேலை பாதியாகிவிடுகிறது.

சரி, இரண்டு சாத்தியத்தில் எதை முதலில் ஒப்புக்கொள்வது? அதை இந்த வாதம் சொல்லாது. பிளான்டிங்காவே இதை நிரூபணம் என்று சொல்லவில்லை; இப்படி நம்புவது அறிவுக்குப் பொருந்தாததல்ல என்ற அளவில்தான் நிறுத்தினார். நான் முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே நம்புவதால் ஒப்புக்கொள்கிறேன், வேறு காரணம் இல்லை.

போன வாரம் அக்கா கேட்டாள், "காரணம்னு ஒண்ணு இருக்குமாடா?"

"இருக்கும்னு நம்புறேன்க்கா. என்னன்னு தெரியல."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். சுண்டுவிரலில் மோதிரம் மாதிரி ஏறியது.