மனுவில் ‘பழுது’ என்று எழுதாதீர்கள்: புதிய தீயணைப்பு நிலையத்துக்காக அலைந்த மூன்று ஆண்டுகள்

எங்கள் கிராமப்புறத் தீயணைப்பு நிலையத்துக்குப் புதிய கட்டடம் கட்ட ஒப்புதல் ஆணை போன வாரம் கைக்கு வந்தது. மனு கொடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஓராண்டுக்கு மேல் வீணானதற்குக் காரணம் நாங்களே எழுதிய ஒரு சொல்.

முதல் மனுவில் ‘கட்டடம் மிகவும் பழுதடைந்துள்ளது’ என்று எழுதியிருந்தோம். அதைப் படித்தவுடன் கோப்பைப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து ஆட்கள் வந்தார்கள். கூரை ஒழுகிய இடத்தைப் பூசி, சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மனுவுக்கு வந்த பதில், ‘கட்டடம் அண்மையில்தான் சீரமைக்கப்பட்டது’ என்பது. அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு இரவு முழுவதும் தூக்கமே வரவில்லை.

எங்கள் சிக்கல் ஒழுகும் கூரை இல்லை. சின்ன வண்டிகள் ஓடிய காலத்தில் கட்டிய நிலையம் அது. வாசலின் உயரம் 3 மீட்டர். இப்போது உள்ள பெரிய வண்டி மேலே ஏணியோடு 3.3 மீட்டர் நிற்கிறது. அதனால் அது வெயிலிலும் மழையிலும் வெளியேதான் கிடக்கிறது. வாசலை இடித்து உயர்த்தினாலும் பயனில்லை. 4,500 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே நாலரை டன். பழைய சின்ன வண்டிக்கே உள்ளே தளம் விரிசல் விட்டிருக்கிறது.

ஆகவே ‘பழுது’ என்ற பேச்சே வேண்டாம். ‘இன்றைய வண்டிக்கும் பணிக்கும் கட்டடம் பொருந்தவில்லை, விரிவாக்கவும் வழியில்லை’ என்று எழுதி, வாசல், வண்டி, தளம் மூன்றின் அளவுகளையும் இணையுங்கள். அப்படி மாற்றி எழுதிய பிறகுதான் எங்கள் கோப்பு கட்டுமானப் பிரிவுக்குப் போனது.

அங்கே இருந்த எழுத்தரை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. முதல் முறை போனபோது நில உரிமைப் பத்திரத்தின் அசல் வேண்டும் என்றார். எடுத்துக்கொண்டு போனால், பத்திரத்தில் உள்ள புல எண்ணும் இப்போதைய பதிவேட்டில் உள்ள எண்ணும் வேறு என்றார். இடையில் நிலம் உட்பிரிவு செய்யப்பட்டிருந்தது. அதற்குச் சான்று வாங்கிக்கொண்டு மூன்றாம் முறை போன அன்று, “கையெழுத்துப் போடும் அதிகாரி வெளியூர் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் சார்” என்றார். முந்தின நாள் மாலையே தொலைபேசியில் கேட்டிருந்தேன். அப்போது அதைச் சொல்லவில்லை. விடுப்பில் வந்த ஒரு முழு நாள் போயிற்று. பத்திரக் குறையும் புல எண் குறையும் முதல் நாளே அவருக்குத் தெரியும். நீங்கள் போகும்போது, ‘கோப்பில் உள்ள எல்லாக் குறைகளையும் எழுத்தில் தாருங்கள்’ என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்த பிறகு புதிய குறை எதுவும் முளைக்கவில்லை.

மண் பரிசோதனை சிரமமின்றி முடிந்தது. செலவு மதிப்பீடுதான் திரும்பி வந்தது, அதுவும் நியாயமாகவே. சாதாரண அலுவலகம் கட்டுவதுபோலக் கணக்குப் போட்டிருந்தார்கள். நிலநடுக்கத்தின்போது ஊரே வெளியே ஓடும். அப்போது இடியாமல் நிற்கவேண்டிய கட்டடம் தீயணைப்பு நிலையம். கட்டடம் தாங்கவேண்டிய நிலநடுக்க விசையைக் கணக்கிடும்போது பெருக்கும் எண் முக்கியத்துவக் கெழு. சாதாரணக் கட்டடத்துக்கு 1 என்று எடுக்கும் அதை, பல நாட்டுக் கட்டட விதிகள் இதற்கு 1.5 என்று எடுக்கின்றன. கம்பியும் அடித்தளமும் அதற்கேற்பக் கூடும். முதல் மதிப்பீட்டிலேயே இதைச் சேர்த்துவிட்டீர்களா என்று உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள்.

அடுத்து வந்த கேள்வி என்னை மிகவும் வருத்தியது. “ஆண்டுக்கு எத்தனை இடத்தில் தீப்பிடிக்கிறது? இதற்காகப் புதிய கட்டடமா?” சாலை விபத்து, கிணற்றில் விழுந்தவர், வெள்ளத்தில் சிக்கியவர் என்று நாங்கள் ஓடிய ஓட்டம் எதுவும் அந்தக் கேள்வியில் இல்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்லப் பதிவேட்டைப் புரட்டியபோது எங்கள் தவறும் தெரிந்தது. அழைப்பு வந்த நேரமும் இடத்தை அடைந்த நேரமும் இருந்தன. வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பிய நேரத்தை யாரும் குறிக்கவில்லை. கட்டடம் எத்தனை நிமிடத்தைத் தின்கிறது என்பதைக் காட்டுவது அந்த ஒரு நேரம்தான்.

ஆறு மாதம் உட்கார்ந்து குறித்தோம். பாதுகாப்பு உடை உள்ளே, வண்டி வெளியே. கட்டடத்தைச் சுற்றித்தான் ஓடவேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் பிரேக்குக்கான காற்றழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். அது மறுபடி ஏறாமல் பிரேக் விடாது. உள்ளே மின் இணைப்போடு நிறுத்தினால் சிறிய கம்ப்ரசர் ஒன்று அழுத்தத்தைக் காத்துக்கொள்ளும். வெளியே அந்த வசதி இல்லை. உடை மாற்றி ஓடி வந்து ஏறிய பிறகும் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அங்கே ஒருவர் வீடு எரிந்துகொண்டிருக்கும்போது. இந்தக் குறிப்புகளைக் கோப்பில் வைத்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் திரும்பக் கேட்கவில்லை. இன்றே உங்கள் பதிவேட்டில் வண்டி கிளம்பிய நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.

உடைகளுக்குத் தனி அறை எதற்கு என்றும் கேட்டார்கள். இப்போது அவை சின்ன வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகின்றன. கிளப்பும்போதெல்லாம் புகை முழுவதும் அவற்றில் படிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் எஞ்சின் புகையையும், 2022இல் தீயணைப்புப் பணியையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்த இரண்டு அறிவிப்புகளையும் அச்சிட்டு இணைத்தேன். உடை அறை, புகை வெளியேற்றும் குழாய், பெண் வீரர்களுக்குத் தனி உடைமாற்றும் அறை மூன்றும் வெட்டுப்படாமல் நின்றன.

கடைசி நேரத்தில் ஒன்று தப்பியது. பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் புதியது என்றுதான் வரைபடம் இருந்தது. இடித்த பிறகு வண்டிகளும் ஆட்களும் எங்கே இருப்பது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு வாரம் போராடி, பின்பக்க நிலத்தில் புதியதைக் கட்டி முடித்த பிறகே பழையதை இடிப்பது என்று மாற்ற வைத்தோம்.

நேற்று மாலை கையெழுத்தான வரைபடத்தை மேசையில் விரித்து, முதலில் வாசல் உயரத்தைத் தேடினேன். 4.3 மீட்டர். ஓட்டுநர் அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஏணியோடு வண்டியை மறுபடி அளந்துவிட்டு வந்தார். “ஒரு மீட்டர் மிச்சம் இருக்கிறது தம்பி” என்றார்.